மேல்சட்டை கழற்றும் வாசல்

"நான்காம் நாள்: பொலன்னறுவை, மாலை கண்டி. ஐந்தாம் நாள்: நுவரெலியா, தேயிலைத் தோட்டம் காணல்."

பாறசாலையில் பயண ஏற்பாட்டாளர் எங்களுக்குத் தந்த அச்சுத் தாளில் இப்படித்தான் இருக்கிறது. தாள் மலையாளத்தில், தமிழாக்கியது நான். மேலே தனு மாதத் தேதி, அதாவது மார்கழித் தேதி, போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு திருத்திய தாள் எதுவும் வரவில்லை. ஆனால் கும்ப மாதத்தில், மாசியில், நாங்கள் இலங்கைக்குப் போனபோது, நான்காம் நாள் மாலை எங்கள் வண்டி கண்டிப் பாதையில் திரும்பவில்லை. திருகோணமலைக்குப் போயிற்று. நுவரெலியாவை எங்கள் குழுவில் யாருமே பார்க்கவில்லை. அந்த மாற்றத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டிலிருந்து போனவர்கள் மூன்று பேர்: என் அக்கா, அவள் கணவரான அத்தான், நான். மகளுக்குப் பேறுகாலம் என்று என் மனைவி நாகர்கோவிலில் இருந்தாள். மற்றவர்கள் நெய்யாற்றின்கரை, கோட்டுகால், பூவார் பக்கத்து ஆட்கள்; பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள்.

அத்தானுக்கு நெய்யாற்றின்கரையில் இரும்புக்கடை. உயரமான ஆள், உரத்த குரல். அவர் கடையில் விலை சொன்னால் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரருக்கும் விலை தெரியும். காலையில் சிவன் கோயிலுக்குப் போகாமல் கடை திறக்க மாட்டார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையோடு உள்ளே போகக் கூடாது. வாசலுக்கு வந்ததும் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். அத்தான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பிரகாரத்தில் எதிர்ப்படுகிறவரிடமெல்லாம் நலம் விசாரித்தபடி நடப்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நான் தினக்குறிப்பு எழுதுகிறவன். மழை, சாவு, விலை, யார் வந்தார்கள் என்று எல்லாம் எழுதுவேன். பின்னால் திருப்பிப் பார்த்தபோது முந்தைய ஆண்டு கர்க்கடக வாவு நாளில், ஆடி அமாவாசையில், ஒரு வரி இருந்தது. பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிக்கரையில் தகப்பனுக்குப் பலி இட்டுத் தர்ப்பணம் செய்ய வந்த அத்தான், காய்ச்சல் என்று சொல்லித் தண்ணீரில் இறங்காமல் சட்டையோடு கரையிலேயே நின்றார். கன்னி மாதத்தில், புரட்டாசியில், இன்னொரு வரி: அத்தான் கோயிலுக்குள் வருவதில்லை, வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். கோயில் கமிட்டியோடு ஏதோ பிணக்கு என்று நானே காரணமும் எழுதி வைத்திருந்தேன். அது நானாக ஊகித்தது.

இலங்கைப் பயணத்துக்கு முதலில் ஆசைப்பட்டவரும் அத்தான்தான்.

"எலே மக்கா, பழைய காலத்து விகாரை, கோட்டை, கல்லு சிலை எல்லாம் உண்டாம். நீ புத்தகத்துல படிச்சதை நேருல பாக்கலாம், வாறியா?" என்றார்.

அக்காவுக்கு ஆச்சரியம். குருவாயூர் போகலாம் என்று அவள் கேட்டபோது கால்வலி என்று சொன்ன மனிதர் இவர்.

விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிப்போக வந்த வழிகாட்டி ஒரு தமிழர். நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் திருகோணமலை, குடியிருப்பது கொழும்பு. குழுவில் எல்லோரும் மலையாளத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "நீங்களும் மலையாளிகளோ?" என்றார்.

"தமிழாக்கும்" என்றாள் அக்கா.

"ஆக்கும் எண்டால்? உங்களுக்கே சந்தேகமோ அம்மா?"

"சந்தேகம் ஒண்ணும் இல்ல. உறுதியாக்கும்."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு பயணம் முழுவதும் உணவு, தங்கல், கழிவறை என்று எது சொன்னாலும் கடைசியில் "ஆக்கும்" என்று ஒன்று சேர்த்து அக்காவைப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் அநுராதபுரம். வெள்ளுடை உடுத்தவர்கள் அரசமரத்தைச் சுற்றி மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தாமரை மொட்டின் இதழ்களை ஒருத்தி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் முழுக்கைச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து கை கூப்பினார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அக்காவும் கொஞ்சம் தள்ளி நிழலில் நின்றோம்.

"பாத்தியாலே? எத்தன மாசத்துக்குப் பொறவு மனுசன் ஒரு சாமிக்க முன்னால இருக்காரு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். குறட்டை விடுதேன்னு அவரே சொல்லி, படுக்கிய முறிய மாத்தியாச்சு. பனியன அவரே கசக்கி, அவருக்க முறியிலயே காயப் போடுதாரு. எனக்க கையில தரமாட்டாரு. வீட்டுல ஒரு நேரம் வெறும்மேலோட இருக்கல்ல. கேட்டா சொறியாம்."

"சொறியா இருக்கும் அக்கா."

"சொறிக்கு மருந்து வாங்கி வச்சேன். மூடி தொறக்கல்ல." அவள் அத்தானையே பார்த்தாள். "வேற வல்ல பெண்ணையும் பிடிச்சிருப்பாரோ? அப்படீன்னாகூட எனக்கு நிம்மதியாக்கும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு எனக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை சிகிரியா. தகப்பனைக் கொன்ற ஓர் அரசன் பழிக்கு அஞ்சிப் பாறை உச்சியில் அரண்மனை கட்டிய இடம் அது. ஓவியப் பெண்களைத் தாண்டி, சிங்கத்தின் இரண்டு கல் பாதங்கள் இருக்கும் தளத்துக்கு வந்தபோது அக்கா முழங்கால் வலி என்று கீழேயே தங்கியிருந்தாள். அத்தான் ஒரு கல் பாதத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் அவருடைய வெளிர்நீலச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது மார்புப் பக்கம் ஒரு பழுப்புக் கறை.

"அத்தான், அது என்னது? ரத்தம் போல இருக்கு."

"எறும்பு கடிச்சிருக்கும்."

"எறும்பு சட்டைக்கு உள்ளயா?"

அவர் சுற்றும் பார்த்தார். எங்கள் குழுவினர் இரும்புப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொத்தானைக் கழற்றிப் பனியனை விலக்கினார். இடது மார்புக் காம்பு உள்ளே இழுத்துக் கிடந்தது. அதன் கீழே தோல் சுருங்கிப் புடைத்திருந்தது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். புளியங்கொட்டை போலக் கடினமாக ஒன்று.

"மிதுனத்துல கண்டேன். ஒரு டாக்டரப் பாத்தேன். ஊசி குத்திப் பரிசோதிக்கணும்னாரு. பொறவு போவல்ல."

"ஏன் போவல்ல?"

"அது பெண்ணுங்களுக்கு வரியது மக்கா." அந்த உரத்த குரல் அவரிடம் இல்லை. "ஊசி குத்தக் காத்திருக்கும்போ அந்த டாக்டருக்க வராந்தாவுல பூரா பெண்ணுங்க. நான் ஒருத்தன் மட்டும் ஆம்பிள. ஒருத்தி எங்கிட்ட கேட்டா, வீட்டுக்காரி உள்ள போயிருக்காளான்னு. நான் ஆமான்னு சொல்லி எறங்கி வந்துட்டேன்."

ஆண்களுக்கும் வரும், அரிது, ஆனால் வரும் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். தாமதிக்கத் தாமதிக்க மோசம் என்பதையும் சொன்னேன்.

"நீ வாசிக்காதது என்னலே உண்டு" என்று பொத்தானைப் போட்டார். "உனக்க அக்காளுக்குத் தெரியப்படாது. ஊருக்குப் போயி நானே சொல்லுதேன். பயணத்தக் கெடுக்காத. இங்கயாவது நான் ரெண்டு நாளு சட்டையோட நிம்மதியாட்டு சாமி கும்பிடுதேன்."

அவர் ஏன் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விகாரைகளில் தோளும் மேலும் மூடியிருக்க வேண்டும் என்பதை யார் மூலமோ முன்பே விசாரித்து வைத்திருக்கிறார்.

ஊர் திரும்பியதும் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றேன். தலையாட்டினார். மிதுனம், அதாவது ஆனி; அதிலிருந்து மாதங்களை விரலில் மடக்கிப் பார்த்தேன், எட்டு. பார்த்திருக்க வேண்டாம். உச்சிக்கு நாங்கள் ஏறவில்லை.

கீழே வந்ததும், "மேல ரெண்டுபேரும் இம்புட்டு நேரம் என்ன பேசினிய?" என்றாள் அக்கா.

"அப்பனக் கொன்ன ராசாவுக்க கதை" என்றார் அத்தான்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தேன்.

அன்று பிற்பகல் தம்புள்ளைக் குகைக் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் கோட்டுகால்காரர் ஒருவர். குகை வாசலைக் கண்டதும், பழக்கத்தில், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பியபடி உள்ளே கால் வைத்தார். காவலாளி சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தான். வழிகாட்டியும் ஓடினார்.

"ஐயா, சட்டையைப் போடுங்கோ! இஞ்ச மேல் மூடித்தான் போகோணும்."

கோட்டுகால்காரர் திகைத்து நின்றார். ஊரில் சட்டை போட்டால் ஏச்சு, இங்கே கழற்றினால் ஏச்சா, இந்தச் சாமிகளெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொல்லட்டும் என்று மலையாளத்தில் சொன்னார். அவர் மனைவி, "அடுத்த கோயிலில் நீங்கள் வண்டியிலேயே இருங்கள்" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் அத்தான். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார், அந்த வெயிலில்.

அக்கா சிரிக்கவில்லை. வழிகாட்டியிடம், "அப்போ இந்த நாட்டுல எங்கயும் ஆம்பிளைங்க சட்டை கழத்த வேண்டாமா?" என்று கேட்டாள்.

"விகாரையில வேண்டாம் அம்மா. எங்கட கோயிலுகளில கழட்டத்தான் வேணும். எங்கட ஊர்க் கோணேசர் கோயிலுக்கு வந்தியள் எண்டால், சட்டையோட விடமாட்டினம்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்களா, என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் கூரை ஓவியங்களைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். பாறையின் வளைவுக்கு ஏற்ப வரைந்திருக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். அண்ணாந்து நின்றும் எனக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை.

நான்காம் நாள் பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்றைப் பார்த்தோம். கல்லில் கட்டிய சிறிய கோயில். கூரையும் சிகரமும் நம் பக்கத்துக் கோயிலைப் பார்த்தது போலவே இருந்தன. பூசகர் கிடையாது, யாரோ வைத்துவிட்டுப் போன பூ மட்டும் இருந்தது. சட்டையைப் பற்றிக் கேட்க ஆளில்லாத சன்னிதி. அத்தான் உள்ளே போய் லிங்கத்தின் முன்னால் நின்றார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. வௌவால் நாற்றம் என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது வழிகாட்டி எழுந்து, பயணத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றார். மலைப்பக்கம் இரண்டு நாளாக மழை, தோட்டம் பார்ப்பது சிரமம். அதற்குப் பதிலாக இன்று மாலை திருகோணமலை; நாளை காலையில் கோணேசர் கோயில், பிறகு கண்டி. கடல் பார்க்கலாம் என்று பூவார்க்காரர்கள்கூடச் சந்தோஷப்பட்டார்கள்; வீட்டு வாசலில் கடல் இருப்பவர்கள் அவர்கள்.

அத்தான் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். அக்கா அவருக்குப் பருப்பு விளம்பினாள்.

வண்டியில் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு நான் வெளிய நிப்பேன். எனக்கு வயித்துக்குச் சரியில்லன்னு நீ சொல்லு. நீயும் கூட நில்லு மக்கா."

அந்த வழி நெடுகக் காடு. யானை நிற்கிறதா என்று எல்லோரும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் அக்கா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை. பழைய கோட்டைக்குள் நுழைந்து, மான்கள் படுத்திருக்கும் புல்வெளியைத் தாண்டி, கடலுக்கு மேலே நிற்கும் பாறையில் ஏறினால் கோயில். வாசலில் எங்கள் ஆண்களின் கை ஒரே நேரத்தில் பொத்தானுக்குப் போனது.

"இதாக்கும் நம்ம முறை!" என்று கோட்டுகால்காரர் அக்காவின் சொல்லைக் கடன் வாங்கிக் கத்திவிட்டு, இரண்டு நாள் அவமானத்தைச் சட்டையோடு சேர்த்து உதறினார்.

அத்தான் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுவிட்டார். "நீங்க போங்க. நான் செருப்பப் பாத்துக்கிடுதேன். வயித்துக்கு என்னவோ போல இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

அக்கா திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். கையை நீட்டினாள். "சட்டையத் தாங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

"வயித்துக்கு..."

"வயித்துக்கு ஒண்ணும் இல்ல. தாங்க."

"இஞ்ச பாரு, ஆளுக பாக்குது."

"பாக்கட்டு. எனக்குப் பாக்கணும்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. அத்தான் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையைக் கொடுத்தார். பனியனோடு நின்றார். அவள் கை இறங்கவில்லை. பனியனையும் தலைவழியாகக் கழற்றினார். உடனே இடது கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். அவள் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து விலக்கினாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோட்டுகால்காரர் எங்களை அழைக்க வந்தவர், பாதியிலேயே திரும்பிப் போனார்.

"எப்போ வந்தது?"

"மிதுனத்துல."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

அத்தானின் கண் என் மேல் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து முன்னாளு, சிகிரியாவுல" என்றேன்.

"ராசாவுக்க கதை" என்றாள். அவ்வளவுதான். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

"பெண்ணுங்களுக்கு வரியதாக்கும் இது" என்றார் அத்தான். "ஊருல தெரிஞ்சா சிரிப்பாங்க. கடையில எப்படி இருப்பேன்?"

"சிரிக்கியவனுக்க மூஞ்சிய நான் பாத்துக்கிடுதேன். நீங்க இல்லாம அந்தக் கடையில ஆரு இருப்பா, அதச் சொல்லுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போயிக் கும்பிட்டுட்டு வருவோம். பொறவு கண்டியும் வேண்டாம், கிண்டியும் வேண்டாம். ஊருக்குப் போவணும்."

அவருடைய இடப்பக்கமாக, தோள் உரசும்படி நடந்து உள்ளே போனாள். பக்கத்தில் வருகிறவர்களுக்கு அவர் மார்பு தெரியாதபடி. சட்டையும் பனியனும் அவள் கையில் சுருண்டிருந்தன. நான் கொஞ்சம் பின்னால் போனேன். சன்னிதியில் அத்தான் கும்பிட்டாரா, நின்றுகொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய முதுகை மட்டுமே பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பார்க்கிற முதுகு. மெலிந்திருந்தது.

வழிகாட்டி ஒரு கார் பிடித்துத் தந்தார். குழு கண்டிக்குப் போனது, நாங்கள் மூன்று பேரும் கொழும்புக்கு. புத்தரின் பல் இருக்கும் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பயணத்துக்கு முன்பே ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அக்கா. கண்டி என்று எழுதியிருந்த பலகையைக் கார் தாண்டியபோது கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

பரிசோதனை முடிவு அவர்கள் பயந்தபடியே வந்தது. அடுத்த மாதமே, மீனத்தில், திருவனந்தபுரத்தில் அறுவை முடிந்தது. அக்குளிலும் கட்டி பரவியிருந்தது. அந்த வராந்தாவில் இப்போது அத்தான் அக்காவோடு உட்காருகிறார். வீட்டுக்காரிக்கா என்று யாராவது கேட்டால் அக்கா முந்திக்கொண்டு, "இவருக்காக்கும்" என்கிறாள். கடையை அவள் காலையில் திறக்கிறாள். விலை சொல்ல அவளுக்கும் குரல் உண்டு என்று டீக்கடைக்காரர் சொன்னார். மருந்து இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகே எதுவும் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். கோயிலுக்கு அத்தான் போவதில்லை. தழும்பு ஆறட்டும் என்கிறார். அதை யாரும் இப்போது வற்புறுத்துவதில்லை.

இனி அந்த மாற்றம். வழிகாட்டியைத் தொலைபேசியில் கேட்டேன். "உங்கட அக்காதான் கேட்டவா, தம்புள்ளையில வைச்சு" என்றார். பாறசாலை ஏற்பாட்டாளரைக் கேட்டேன். வழிகாட்டியின் தாய் திருகோணமலையில் படுக்கையில் இருக்கிறாள், அவளைப் பார்க்க வேண்டி அவர்தான் மழையைக் காரணம் சொல்லி மாற்றச் சொன்னார் என்றார். மலையில் அந்த நாட்களில் மழை பெய்ததா என்று தேடினேன்; பெய்திருக்கிறது, ஆனால் தோட்டம் பார்க்க முடியாத மழையா என்று தெரியவில்லை.

அக்காவிடம் ஒரு நாள் நேராகவே கேட்டேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டேன்னு எவன் சொன்னான்?" என்றாள். பிறகு, "கேட்டிருந்தா என்னலே? கேக்காம இருந்தா என்ன?" என்று தராசைப் பார்த்தாள்.

ஆகவே திருகோணமலையை எங்கள் பயணத்தில் சேர்த்தது அக்காவா, வழிகாட்டியா, மழையா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.